‘காலரா இல்லை’ என்றால் என்ன பொருள்?

ஒன்பதாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் நடத்தும்போது நாம் எல்லோரும் கரும்பலகையில் ஓர் அட்டவணை போடுவோம். இடப்பக்கம் நோய், வலப்பக்கம் நோய்க்கிருமி. டைபாய்டு, சால்மோனெல்லா டைபி. காலரா, விப்ரியோ காலரே. பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் ஒரு மதிப்பெண் வரும், பாடம் முடிந்தது.

அப்படி முடியவிடாமல் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “டீச்சர், போன வருஷம் எங்க தெருவுல நெறைய பேருக்கு வயித்தால போச்சு. தண்ணிய பாட்டில்ல எடுத்துட்டுப் போனாங்க. காலரா இல்லன்னு வந்துச்சாம். அப்ப அது என்ன டீச்சர்?”

“வேறு ஏதாவது கிருமியாக இருக்கும்” என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். தவறான பதில் இல்லை. ஆனால் அவள் கேட்டது அதை அல்ல என்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. ‘இல்லை’ என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்பதே அவள் கேள்வி. நோய்க்கிருமி பற்றிய பாடத்தில் நாம் சொல்லாமல் விடுவது அதைத்தான். அதைச் சொல்ல நமக்குத் தொலைதூர உதாரணம் தேவையில்லை. காஞ்சிபுரத்திலிருந்து 75 கிலோமீட்டர் தொலைவில், சென்னையில், 1992-இல் நடந்ததே போதும். அடுத்த இரண்டு பாடவேளைகளில் அதைத்தான் சொன்னேன்.

1992 அக்டோபர், சென்னை

அன்று அந்த நகரத்தின் பெயர் மெட்ராஸ். அந்த அக்டோபரில் கடும் வயிற்றுப்போக்குடன் நோயாளிகள் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். கஞ்சித் தண்ணீர் போன்ற கழிச்சல், சில மணி நேரத்தில் உடல் வற்றிப்போதல், குழிவிழுந்த கண்கள். பார்த்த மருத்துவர்களுக்கு அது காலராதான். வயிற்றுப்போக்கு மாதிரியை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்தபோது விப்ரியோவும் வளர்ந்தது. காற்புள்ளி போல வளைந்த அதே பாக்டீரியா.

அடுத்த படிதான் சிக்கல். கண்ணாடித் தகட்டில் அந்தப் பாக்டீரியாவை வைத்து ‘ஓ1’ என்ற எதிர்ச்சீரத்தை ஒரு துளி விட்டால், காலராக் கிருமி திரள் திரளாகக் கூட வேண்டும். இது கூடவில்லை. அன்றைய விதிப்படி, ஓ1 சீரத்தில் திரளாத விப்ரியோ பெரிய கொள்ளைநோயை உண்டாக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலருக்கு வயிற்றுப்போக்கைத் தரலாம், அவ்வளவுதான். ஆகவே சோதனை சொன்னது ‘இல்லை’, நோயாளியின் உடல் சொன்னது ‘ஆம்’.

மதுரையிலும் வேலூரிலும் இதே விசித்திரம் தெரிந்தது. ஆண்டு முடிவதற்குள் அது கல்கத்தாவை எட்டியது, பிறகு வங்கதேசம். அங்கே 1993-இன் முதல் சில மாதங்களில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்னொரு வேறுபாடும் இருந்தது. காலரா வழக்கமாக உள்ள ஊர்களில் பெரியவர்களைவிடக் குழந்தைகளையே அது அதிகம் பிடிக்கும். ஏனென்றால் பெரியவர்களின் உடல் முன்பே அந்தக் கிருமியைச் சந்தித்துப் பழகியிருக்கும். இந்த முறை பெரியவர்களே கூட்டமாக விழுந்தார்கள். பழைய எதிர்ப்புச் சக்தி இந்தக் கிருமியை அடையாளம் காணவில்லை. ஆய்வுக்கூடத்தின் சீரம் ஏமாந்த அதே இடத்தில் மனித உடலும் ஏமாந்தது.

கரையைப் பார்த்துப் புடவையைச் சொல்வது

சீரச் சோதனை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க, பத்தாம் வகுப்புக்குப் போகிறவர்களிடம் இரத்த வகைச் சோதனையைச் சொல்லலாம். ஏ, பி என்று இரண்டு சீரங்களை விட்டு எதில் திரள்கிறது என்று பார்ப்பது. இதுவும் அதே வேலைதான். பாக்டீரியாவின் மேற்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளை எதிர்ப்பொருள்கள் கவ்வுகின்றன. அந்தச் சங்கிலியின் அமைப்பைப் பொறுத்து ஓ1, ஓ2, ஓ3 என்று எண் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தறி வீட்டுப் பிள்ளைகள். அவர்களிடம் நான் வேறு மாதிரி சொன்னேன். காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா என்று மூன்று நாடா ஓட்டி, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றோடொன்று கோக்கும்படி நெய்வது. கடையில் அடுக்கி வைத்த புடவைகளில் வெளியே தெரிவது கரை மட்டும். ‘பச்சைக் கரை என்றால் இன்னாருடைய தறி’ என்று ஒருவர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நெசவாளர் அதே பாவில் நீலக் கரை போட்டால் அவர் என்ன சொல்வார்?

“வேற தறின்னு சொல்லுவாரு” என்றான் பின் வரிசையில் ஒருவன். “பிரிச்சு உடலைப் பார்த்தாதானே தெரியும்.”

1992-இல் நடந்தது அதுதான். சீரம் பார்ப்பது கரையை மட்டும்.

அந்தக் கிருமியை ஜப்பானுக்கு அனுப்பி, அதுவரை தெரிந்திருந்த 138 வகைச் சீரங்களோடும் ஒப்பிட்டார்கள். எதிலும் சேரவில்லை. ஆகவே அது ஓ139 ஆயிற்று. கூடவே ‘பெங்கால்’ என்ற பெயரும் சூட்டினார்கள். முதலில் கவனித்தது சென்னையில், பெயர் மட்டும் வங்காளத்துக்கா என்று நமக்குத் தோன்றும். வங்காள விரிகுடாக் கரையோரம் தோன்றியது என்ற பொருளில் வைத்த பெயர் அது. ஆய்வாளர்கள் இன்றும் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தும் ஓ139 மாதிரிகளான எம்ஓ10, எம்ஓ45 இரண்டுமே 1992-இல் சென்னையில் எடுக்கப்பட்டவை. இது நம் பாடநூலில் இடம்பெற வேண்டிய செய்தி என்பது என் எண்ணம்.

உடல் யாருடையது?

கரை புதிது, சரி. உடல்? அதைப் பார்க்க மரபணுவுக்குள் போக வேண்டியிருந்தது. கல்கத்தாவிலுள்ள தேசிய காலரா மற்றும் குடல்நோய் நிறுவனமும் பிற ஆய்வுக்கூடங்களும் பி.சி.ஆர். முறையில் தேடியபோது, காலரா நச்சை உண்டாக்கும் மரபணு அதில் அப்படியே இருந்தது. அந்த நச்சு என்பது ஒன்று உண்டு என்று 1959-இல் கல்கத்தாவில் நிறுவியவர் சம்புநாத் டே. கிருமியை வடிகட்டி நீக்கிய திரவமே முயலின் குடலில் நீரைச் சுரக்க வைக்கிறது என்று காட்டியவர் அவர். அந்த நச்சு குடல் உயிரணுக்களிலிருந்து உப்பையும் அதைத் தொடர்ந்து நீரையும் வெளியே இழுக்கிறது. கடுமையான நோயாளி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீரை இழந்துவிடுவார்.

மற்ற மரபணுக்களையும் ஒப்பிட்டபோது உண்மை தெளிவானது. ஓ139-இன் உடல், 1961-இல் இந்தோனேசியாவில் புறப்பட்டு 1964-இல் இந்தியாவுக்குள் வந்த ‘எல் டோர்’ என்ற ஓ1 ரகத்தின் உடலேதான். மேற்புறச் சர்க்கரைச் சங்கிலியை நெய்யும் மரபணுத் தொகுப்பில் சுமார் 22 ஆயிரம் டி.என்.ஏ. எழுத்துகள் போய், அந்த இடத்தில் சுமார் 35 ஆயிரம் எழுத்துகள் கொண்ட வேறொரு தொகுப்பு வந்து உட்கார்ந்திருந்தது. தாய்ச் செல்லிலிருந்து சேய்ச் செல்லுக்கு வந்த மாற்றம் அல்ல இது. வேறொரு பாக்டீரியாவிடமிருந்து பக்கவாட்டில் வாங்கிக்கொண்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று நடத்துங்கள் என்று சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணியைப் படிக்கும் பிள்ளை, மரபணு என்றால் பெற்றோரிடமிருந்து மட்டுமே வரும் என்று முடிவு கட்டிவிடுகிறது. பாக்டீரியா உலகில் அப்படி இல்லை. ஜக்கார்டு தறிக்கான துளையிட்ட அட்டைகளை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு இரவல் கொடுப்பதுபோல, மரபணுத் துண்டுகள் கை மாறுகின்றன. சில சமயம் அட்டையைத் தூக்கிக்கொண்டு வருவது ஒரு வைரஸ். காலரா நச்சின் மரபணுவே பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸின் மூலம் விப்ரியோவுக்குள் வந்தது என்று 1996-இல் வால்டரும் மெக்கலனோஸும் கண்டுபிடித்தார்கள். நச்சு மரபணு இல்லாத விப்ரியோக்கள் உப்பங்கழிகளில் ஏராளமாக வாழ்கின்றன. பெரும்பாலும் எதையும் செய்வதில்லை.

அதே ஆண்டு எம்ஓ10 மாதிரியில் இன்னொரு இரவல் அட்டையும் சிக்கியது. சுமார் ஒரு லட்சம் எழுத்துகள் நீளமான அந்தத் துண்டுக்கு எஸ்.எக்ஸ்.டி. என்று பெயர். சல்பாமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம், குளோராம்பெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் அதில் இருந்தன. 1994-இல் பழைய ஓ1 ரகம் மீண்டும் தலைதூக்கியபோது அதனிடமும் இதேபோன்ற துண்டு இருந்தது. எட்டாவது உலகக் கொள்ளைநோயைத் தொடங்கப் போகிறது என்று அஞ்சப்பட்ட ஓ139 அந்த அளவுக்குப் போகவில்லை. 1996-இல் ஒருமுறை பெருகி, பிறகு படிப்படியாக அருகிவிட்டது. ஆனால் மருந்து எதிர்ப்பு தங்கிவிட்டது. வயிற்றுப்போக்கு என்றதும் மருந்துக்கடையில் தாமாகவே இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கத்தைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் பேச நேர்ந்தால், எனக்கு இந்த ஒரு லட்சம் எழுத்துகள்தான் நினைவுக்கு வருகின்றன.

பெயர் ஒன்று, ஆள் வேறு

சிறு வகுப்பு ஆசிரியர்கள் இதை ஈ.கோலையைக் கொண்டும் சொல்லலாம். நம் ஒவ்வொருவர் குடலிலும் அது இருக்கிறது, பெரும்பாலும் சாதுவாகவே இருக்கிறது. 1982-இல் அமெரிக்காவில் சரியாக வேகாத இறைச்சி வழியாக இரத்தப்போக்கு உண்டாக்கிய ஓ157-உம் ஈ.கோலைதான். இரண்டின் முழு மரபணு வரிசையையும் 2001-இல் ஒப்பிட்டபோது, ஆய்வுக்கூடத்தில் வளரும் சாது ரகத்திடம் இல்லாத 1,300-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் ஓ157-இடம் இருந்தன. 2011-இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயம் வழியாகப் பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது மூன்றாவது ஒரு ரகம். ‘ஈ.கோலை நல்லதா கெட்டதா’ என்று பிள்ளைகள் கேட்டால், ‘எந்த ஈ.கோலை?’ என்று திருப்பிக் கேட்பதே சரியான பதில்.

உறைக்குள் பன்னிரண்டு அட்டைகள்

ஆய்வுக்கூட வசதி இல்லாமலேயே இதைச் செய்து பார்க்கலாம். நான் செய்த முறையைச் சொல்கிறேன்.

உள்ளங்கை அளவில் 12 காகித அட்டைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் உடல் நிறம், ஓரத்தில் ஒரு கரை நிறம். சிலவற்றின் பின்புறம் ஒரு சிவப்புப் புள்ளி, அது நச்சு மரபணு. ஆறு அட்டைகளுக்கு அரக்கு உடல், பச்சைக் கரை. அவற்றில் ஐந்துக்குப் புள்ளி உண்டு, ஒன்றுக்கு இல்லை. நான்கு அட்டைகளுக்கு மஞ்சள் உடல், வேறு வேறு கரை, புள்ளி இல்லை. மீதி இரண்டுக்கு அரக்கு உடல், நீலக் கரை, புள்ளி உண்டு. எல்லாவற்றையும் கரை மட்டும் வெளியே தெரியும்படி பழைய அஞ்சல் உறைகளில் செருகிவிடுங்கள்.

முதல் சுற்றில் ஒரே விதி: பச்சைக் கரை என்றால் காலரா, மற்றவை இல்லை. குழுக்கள் 6 ‘ஆம்’, 6 ‘இல்லை’ என்று எழுதும். பிறகு உறையைப் பிரித்துப் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘இல்லை’ என்று எழுதியதில் இரண்டு, புள்ளியோடு வரும். ‘ஆம்’ என்றதில் ஒன்று, புள்ளி இல்லாமல் வரும். எங்கள் வகுப்பில் ஒரு குழு, நான் சொன்ன விதிதான் தப்பு என்று சண்டைக்கே வந்துவிட்டது. அந்தச் சண்டை வர வேண்டும். விதி தப்பில்லை, அது கரைக்கான விதி என்று பிள்ளைகளே சொல்லும்வரை நான் காத்திருந்தேன். பச்சைக் கரையும் புள்ளியில்லாத பின்புறமும் கொண்ட ஓ1 விப்ரியோக்கள் நீர்நிலைகளில் உண்மையாகவே உள்ளன என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் சுற்றுக்கு நான்கு நிறப் பென்சில்கள் போதும். முதல் பிள்ளை 20 கட்டங்களை நான்கு நிறங்களால் நிரப்ப வேண்டும். அதைப் பார்த்து இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு ஒரே ஒரு கட்டத்தை மட்டும் மாற்றி நகலெடுக்க வேண்டும். அவர்களுடையதைப் பார்த்து அடுத்தவர்கள். நாலைந்து தலைமுறை போனபின் எல்லாத் தாள்களையும் கலைத்து வேறொரு வகுப்பிடம் கொடுத்து, யாரைப் பார்த்து யார் எழுதியது என்று கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். வேறுபடும் கட்டங்களை எண்ணியே குடும்ப மரத்தைப் போட்டுவிடுகிறார்கள்.

இன்று உலகெங்கும் கிருமிகளை அடையாளம் காண்பது இந்த முறையில்தான். விப்ரியோ காலரேயின் முழு மரபணு வரிசை 2000-இல் வெளிவந்தது. இரண்டு குரோமோசோம்கள், சுமார் 40 லட்சம் எழுத்துகள். ஏழாவது கொள்ளைநோயின் ரகத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று எழுத்துகள் மாறுகின்றன என்று 2011-இல், பல நாடுகளிலிருந்து திரட்டிய 150-க்கும் மேற்பட்ட மாதிரிகளை ஒப்பிட்டுக் கணக்கிட்டார்கள். அந்த மரத்தின் வேர் வங்காள விரிகுடாப் பகுதியில் இருந்தது. அங்கிருந்து குறைந்தது மூன்று அலைகளாக நோய் உலகெங்கும் போயிருக்கிறது.

ஹைட்டி நாட்டில் இதன் பயன் தெரிந்தது. 2010 ஜனவரியில் நிலநடுக்கம், அக்டோபரில் காலரா. நூறு ஆண்டுகளாக அங்கே காலரா பதிவானதில்லை. கிருமி அந்தக் கடலிலேயே இருந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று பெரிய வாக்குவாதம். எழுத்துகளை ஒப்பிட்டபோது, அது நேபாளத்தில் அப்போது இருந்த ரகத்தோடு ஒன்றிரண்டு எழுத்து வித்தியாசத்தில் பொருந்தியது. ஐ.நா. அமைதிப்படையில் நேபாள வீரர்கள் தங்கியிருந்த முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததே காரணம் என்ற குற்றச்சாட்டுக்கு அதன்பின் மறுப்புச் சொல்வது கடினமாயிற்று. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச் செயலர் பான் கி மூன் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

அவளுக்குச் சொன்ன பதில்

மறுபடி அந்த மாணவியின் தெருவுக்கு வருகிறேன். ‘காலரா இல்லை’ என்ற முடிவு பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் பல. ஆனால் அந்த முடிவுக்கு ‘தண்ணீர் நன்றாக இருக்கிறது’ என்று பொருள் இல்லை. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். சிறிய புட்டியில் தண்ணீரை ஊற்றி ஒரு நாள் வைத்தால் கறுத்துப்போகும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனை நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டு 1982-இல் வெளியானது. மலக்கழிவு கலந்திருக்கக்கூடும் என்பதை மட்டும் அது சொல்லும். எந்தக் கிருமி என்று சொல்லாது. ஒவ்வொரு சோதனைக்கும் அதற்கென்று ஒரு கேள்விதான் உண்டு என்று அவளுக்குச் சொன்னேன்.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பாடத்தின் உற்சாகத்தில் சாக்கடை நீரையோ குளத்து நீரையோ எடுத்து வந்து பள்ளியில் கிருமி வளர்க்கும் வேலை வேண்டாம். கறுத்த சோதனைப் புட்டியைக்கூடப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

எந்த ரகமாக இருந்தாலும் முதல் சிகிச்சை ஒன்றுதான் என்பது நல்ல செய்தி. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மகலனாபிஸ் உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொண்டு இறப்பைப் பல மடங்கு குறைத்தபோது யாரும் ரகம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. உயிர்காக்கும் கரைசல் பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தடுப்பு மருந்துக்குத்தான் ரகம் முக்கியம். இந்தியாவில் 2009-இல் உரிமம் பெற்ற வாய்வழிக் காலராத் தடுப்பு மருந்தில் ஓ1, ஓ139 இரண்டையும் சேர்த்தார்கள். காலரா பழங்கதையும் ஆகிவிடவில்லை. 2022 ஜூலையில் காரைக்காலில் அது பரவியபோது புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது.

மறுநாள் அதே மாணவி அப்பாவின் தறியிலிருந்து வெட்டிய ஒரு விரல் நீளத் துண்டோடு வந்தாள். “டீச்சர், கரையைப் பார்த்தோம், உடலைப் பார்த்தோம். முந்திய யாருமே பார்க்கலியே?”

அவளுக்குத் தெரியாமலே அவள் கேட்டது, ஆய்வாளர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்கதேசத்தில் கண்ட ஒன்று. கரை ஓ1, உடல் எல் டோர். நச்சு மரபணு மட்டும் மறைந்துபோனதாக எண்ணியிருந்த பழைய ‘கிளாசிக்கல்’ ரகத்தினுடையது. சீரச் சோதனையில் அது முழுக்க வழக்கமான காலராவாகவே தெரியும். ஹைட்டிக்குப் போனதும் அப்படிப்பட்ட கலப்பு ரகம்தான். அடுத்த வாரம் எங்கள் 12 அட்டைகளிலும் ஒரு முந்தி ஒட்டினோம்.